யார் பேருக்கு வந்த சீட்டு

ஹெலன்: அந்தக் கவர எடு. எங்க வெச்சிருந்தாலும் எடுத்துட்டு வாண்ணா.

ஜெயகரன்: எந்தக் கவரு? காணிக்கக் கவரெல்லாம் பையோட போயிருக்கும். மொதல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. கோயில்லேந்து ஆட்டோவுல ஒரு வார்த்த பேசல, வாசப்படி ஏறுனதும் ஆரம்பிச்சிட்ட.

ஹெலன்: ஆட்டோக்காரரு முன்னாடி இன்னா பேசறது? அவரே திரும்பிப் பாத்து, "பையன் டாக்டருக்குப் படிக்கிறாராமேம்மா"ன்றாரு. ஆராதன முடிஞ்சி அர மணி கூட ஆகல!

டோரதி: அது தானிஷ் ஆட்டோ. கோயில் வாசல்லதான் நிப்பாட்டியிருந்தான். மைக்ல கேட்டிருப்பான்.

ஜெயகரன்: டோரதி, நீ போய் கொழம்பப் பாரு.

டோரதி: கொழம்பு சிம்ல இருக்குது. நான் இங்கதான் நிப்பேன்.

ஹெலன்: பாஸ்டர் ஐயா இன்னா படிச்சாரு? நீயே சொல்லுண்ணா.

ஜெயகரன்: ஸ்தோத்திரக் காணிக்கன்னு படிச்சாரு...

ஹெலன்: முழுசா சொல்லு.

ஜெயகரன்: "அயர்லாந்து தேசத்தில் வசிக்கும் நம் சபையின் மகள், சகோதரி ஹெலன் அவர்களுடைய குமாரன் ஜோவினுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபடியால்..."

ஹெலன்: குமாரனாம்! ஜோவினுக்காம்! எனக்குக் கிடைச்ச சீட்டுண்ணா அது. நாப்பத்தஞ்சு வயசுல, மூணு தடவ பரீட்ச எழுதி, என் பேருக்கு வந்த சீட்டு. சபையே எழுந்து வந்து என் கையப் புடிச்சி, "புள்ளய நல்லா வளத்திருக்கம்மா"ன்றாங்க. நான் பல்லக் காட்டிட்டு நின்னேன். வெக்கமா இருக்குண்ணா.

ஜெயகரன்: நத்தானியேல் சாருக்கு இப்பல்லாம் கண்ணு சரியில்ல. செகரட்டரி வேலய உடுங்க சார்னு எத்தினி தடவ சொல்லியாச்சு. அறிவிப்புத் தாள்ல மாத்தி எழுதியிருப்பாரு.

ஹெலன்: அந்த மனுஷன் எதுலயும் எழுதல. கவர அப்படியே ஐயா கைல குடுத்தாரு. நான் மொத பெஞ்சில உக்காந்து பாத்துட்டிருந்தேன். கவர் மேல கட்ட கட்டயா எழுத்து. ஷூ கம்பெனி பேக்கிங்ல அட்டப்பொட்டி மேல நம்பர் எழுதுற கையி. எனக்குத் தெரியாதா அது யார் கையின்னு?

டோரதி: கை அவரு கைதான்.

ஜெயகரன்: ஏய்!

டோரதி: டிவி முன்னாடி உக்காந்துதான எழுதுனீங்க? உங்க பேனா எழுதலன்னு என் பேனாவ வாங்கி எழுதுனீங்க.

ஜெயகரன்: சரி, எழுதுனேன். இப்ப இன்னா? போன்ல நீ சொன்னது சரியா கேக்கல. கட் ஆயி கட் ஆயி வந்துது. "சீட்டு கிடைச்சிடுச்சு, சீட்டு கிடைச்சிடுச்சு"ன்னு கத்துன. மெடிக்கல் சீட்டுன்னா யாருக்குக் கிடைக்கும்? புள்ளைக்குத்தான்னு நினைச்சி...

ஹெலன்: புள்ள இன்னா படிக்கிறான்னு தெரியுமா உனக்கு? பேக்கரி! பிரட்டு சுடறதுக்குப் படிக்கிறான். ரத்தத்தப் பாத்தா அவனுக்கு மயக்கம் வரும்.

டோரதி: ஸ்பீக்கர்ல போட்டுத்தாங்க கேட்டோம். ஹெலனு அழுதுகினே சொல்லிச்சு, "எனக்கு அண்ணி, எனக்குக் கிடைச்சிருக்கு அண்ணி"ன்னு. நானும் அழுதேன். நீங்க கூட மூக்க உறிஞ்சினீங்க.

ஜெயகரன்: நீ எந்தக் கட்சி?

டோரதி: கேட்டதச் சொன்னேன்.

ஹெலன்: இரு, இதக் கேளு. எதுத்த வீட்டு ஆதிகேசவன் மாமா, அவரு கோயிலுக்குக் கூட வர்றவரில்ல, ஜோவின் நம்பர வாங்கி சுகர் ரிப்போர்ட்ட அனுப்பியிருக்காரு. "டாக்டர் தம்பி, காலைல போடுற மாத்திரய நிறுத்தலாமா"ன்னு. அவன் தூக்கத்துலேந்து எழுந்து, "மம்மி, இன்னா இது?"ன்னு எனக்கு அனுப்பறான்.

டோரதி: நம்பர் நான்தாம்மா குடுத்தேன். மைக் சத்தம் கேட்டுட்டு போன் பண்ணாரு, வாழ்த்து சொல்லணும்னாரு...

ஹெலன்: இருவத்தி ரெண்டு வருஷமா நர்சா இருக்கேன். அவரு வீட்டுக்கு எதுத்தாப்லயே வந்து எறங்கி மூணு நாளாச்சு. ஒரு வார்த்த என்னக் கேக்கத் தோணல அவருக்கு. பிரட்டு சுடறவனக் கேக்கறாரு! அவரக் குத்தம் சொல்லி இன்னா? எல்லாம் நீ பண்ணது.

ஜெயகரன்: சரி உடு. ஊரு ரெண்டு நாள் பேசும், அப்புறம் மறந்துடும்.

ஹெலன்: உட மாட்டேன். இன்னிக்கு உடவே மாட்டேன். நீ இப்படித்தான் எப்பவுமே. நான் ப்ளஸ் டூ முடிச்சப்ப அப்பா இன்னா சொன்னாரு? "பொம்பளப் புள்ளைக்கு நர்சிங் போதும்"னாரு. நீ பக்கத்துல நின்னு தலயாட்டுன.

ஜெயகரன்: நான் அப்ப சின்னப் பையன்...

ஹெலன்: இருவத்தி நாலு வயசு சின்னப் பையன்!

டோரதி: எங்க கல்யாணமே முடிவாயிடுச்சு அப்போ.

ஜெயகரன்: டோரதி, உன்னக் கையெடுத்துக் கும்புடறேன்.

ஹெலன்: அங்க நான் படுறது இன்னான்னு தெரியுமாண்ணா உனக்கு? கையில கட்டுப் போடறப்பவே, "நீ எந்த ஊருக்காரி"ன்னு கேப்பாங்க. என் இங்கிலீஷ் புரியலன்னு மூஞ்ச சுளிப்பாங்க. ஒரு டாக்டரு, ஜோவினவிட அஞ்சாறு வயசுதான் பெரியவன். ஒரு அம்மாவுக்கு மருந்து அளவ மாத்தி எழுதிட்டான். "டாக்டர், இது ரொம்ப ஜாஸ்தி, ஒரு தடவ பாருங்க"ன்னேன். தலயத் தூக்காமயே, "நீங்க டாக்டரா?"ன்றான்.

டோரதி: அடப்பாவி.

ஹெலன்: நான் ஊசிய வெச்சிட்டு, போட மாட்டேன்னு நின்னுட்டேன். பெரிய டாக்டரு வந்து பாத்து, பாதியா கொறச்சாரு. அந்தம்மா பொழச்சிது. அந்தப் பையன் வாய்லேந்து ஒரு சாரி வரல. அன்னிக்கு டூட்டி முடிஞ்சி கார்லயே உக்காந்து அப்ளிகேஷன் போட்டேன். அப்புறம் அந்தக் கார்லதான் படிப்பு. வீட்ல புஸ்தகத்தத் தொறந்தா வீட்டுக்காரரு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும்னு.

ஜெயகரன்: அதில்லம்மா... நர்சிங் முடிச்சிருந்தாலும் இன்னும் நாலு வருஷம் படிக்கணும், அப்புறம் டிரெய்னிங்கு. வயசுன்னு ஒண்ணு இருக்குதில்ல?

ஹெலன்: உனக்கு அம்பத்தொண்ணு. இன்னும் ஏழு வருஷம் ஷூ கம்பெனில பொட்டி அடுக்குவ. உன்ன எவனாச்சும் வயசு கேட்டானா? அந்தக் காலேஜில அஞ்சு பேரு உக்காந்து என்னக் கேட்டாங்க, இந்த வயசுல எதுக்கு வர்றீங்கன்னு. இத்தினி வருஷமா கண்ணால பாத்ததுக்கெல்லாம் காரணம் தெரிஞ்சிக்கணும்னு சொன்னேன். ஒரு அம்மா பேனாவ மூடி வெச்சிட்டு என்னயே பாத்துது. என்னத் தெரியாத வெள்ளக்காரங்கண்ணா அவங்க. அவங்க எனக்குன்னு குடுத்தாங்க. கூடப் பொறந்தவன் நீ, அதப் புடுங்கி என் புள்ளைக்குக் குடுத்துட்ட.

டோரதி: ஏங்க, சொல்லிடுங்க.

ஜெயகரன்: இன்னா சொல்றது?

டோரதி: மாப்ள போன் பண்ணத. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

ஹெலன்: யாரு போன் பண்ணது? ...அவரா?

ஜெயகரன்: ரெண்டு வாரம் முந்தி. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.

ஹெலன்: கௌதமா? அவரு இன்னா சொன்னாரு?

ஜெயகரன்: அழுதாரும்மா. "மச்சான், நான் அந்த ஆஸ்பத்திரியிலதான் ஸ்ட்ரெச்சர் தள்றேன். அதே ஆஸ்பத்திரிக்கு என் பொண்டாட்டி நாளைக்கு டாக்டரா வந்து நின்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு தள்ளுவேன்"னாரு. "கோயில்ல அவ பேர மட்டும் படிச்சிடாதீங்க. சபையில ஒரு தடவ படிச்சிட்டா ஊருக்கே தெரிஞ்சிடும், அப்புறம் அவ பின்வாங்க மாட்டா"ன்னாரு. நீயோ, "நான் வர்ற ஞாயித்துக்கெழம வைண்ணா, நான் இருக்கறப்பவே படிக்கட்டும்"னு சொல்லிட்ட. காணிக்க போடாம இருக்க முடியல. உன் பேர எழுதவும் கை வரல. ஜோவின்னு எழுதிட்டேன். யாருக்கும் நஷ்டமில்லன்னு நினைச்சேன்.

ஹெலன்: உன்கிட்ட அழுதாரா அவரு?

ஜெயகரன்: குலுங்கிக் குலுங்கி.

ஹெலன்: என்கிட்ட அழலண்ணா. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அவரு வேலய நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கம்மியா பேசியிருப்பேனா? அவரு தள்ளிட்டு வர்ற ஸ்ட்ரெச்சர நான்தான மறுபக்கம் புடிச்சி உள்ள இழுக்கறேன்? ஆம்பளைங்க ரெண்டு பேரும் போன்லயே பேசி முடிச்சிட்டீங்க. நல்லா இருக்குண்ணா. ரொம்ப நல்லா இருக்கு!

டோரதி: கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. வேலூர்ல நம்ம பொண்ணு கரோலினு ராவும் பகலுமா படிச்சிகினு இருக்குது. நாளைக்கு அது ஒரு சீட்டு வாங்கினு வந்து நின்னா, வரப்போற மருமகனுக்குக் கஷ்டமா இருக்கும்னு அதயும் வேற பேர்ல எழுதுவீங்களா?

ஜெயகரன்: ...எழுத மாட்டேன்.

டோரதி: அப்ப இது மட்டும் இன்னா?

ஜெயகரன்: தப்புதான். நான் பண்ணது தப்புதாம்மா ஹெலனு. இங்கப் பாரு... மூஞ்சத் திருப்பிக்காத. அடுத்த ஞாயித்துக்கெழம பாஸ்டர் படிக்க வேணாம், நானே மைக் முன்னாடி போய் நிக்கறேன். சீட்டு என் தங்கச்சிக்கு, போன வாரம் நான்தான் பொய் எழுதுனேன்னு சபையில சொல்றேன். சிரிச்சா சிரிக்கட்டும். மாப்ளகிட்ட நான் பேசறேன். கேக்கலன்னா அடுத்த பிளைட்ட புடிச்சி வந்து உக்காந்து பேசறேன். நீ போ. படி. எப்ப சேரணும்? செப்டம்பரா?

ஹெலன்: வேணாண்ணா.

ஜெயகரன்: கோவத்துல பேசாத. உன் பேர கொட்ட எழுத்துல எழுதறேன், பாரு.

ஹெலன்: எழுதாதண்ணா... நான் கெளம்புறதுக்கு முன்னாடி அவரு நாலு நாள் என் கையால ஒரு வாய் சோறு தின்னல. போன செவ்வாக்கெழம, நான் வரலன்னு காலேஜுக்கு எழுதிப் போட்டுட்டேன். இந்நேரம் வேற யாருக்காச்சும் குடுத்திருப்பாங்க... அந்த மைக்ல ஒரே ஒரு தடவ என் பேர் வரும், காதால கேட்டுட்டுப் போயிடலாம்னுதாண்ணா லீவு போட்டுட்டு வந்தேன்.