வயிற்றுவலி மாத்திரை

தலைமையேற்று அமர்ந்திருக்கும் அக்கா காளியம்மாள் அவர்களே, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு நனைந்து வந்திருக்கும் தாய்மார்களே, தேவாலா பஜாரின் வணிகப் பெருமக்களே, நான் என்ன பேசித் தொலைப்பேனோ என்று முன்வரிசையில் நெளியும் பெரியவர்களே, எல்லோரையும் வணங்குகிறேன்!

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை எனக்கு. நாளைக் காலை சமவெளியிலிருந்து நூல் மில் வேன் வருகிறது. நம் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து ஒன்பது பெண்கள் ஏறப்போகிறார்கள். அதில் ஒருத்தி தெய்வம்மா மகள் ராஜகுமாரி. வயது பதினேழு. "என் பேரைச் சொல்லியே பேசுங்க" என்று சொன்னவளும் அவள்தான்.

அந்த மில்லில் வேலை பார்த்தவள் தீபாவளி லீவுக்கு வந்தாள். கன்னம் ஒட்டி, கண் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்க வந்தாள். நாலு மாதமாக விலக்காகவில்லை என்று தெரிந்ததும் தெய்வம்மா வீட்டில் அடுப்பு எரியவில்லை. என்னை அழைத்தார்கள். மேடை மேடையாகப் பெண்ணுரிமை முழங்கும் நான் போய் என்ன கேட்டேன் தெரியுமா?

"யாருடி அவன்?"

வெட்கப்படுகிறேன், தாய்மார்களே! அந்தப் பிள்ளை என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "அவனும் இல்ல, இவனும் இல்ல அத்தை. வயித்துவலின்னா சூப்பர்வைசரம்மா ஒரு மாத்திரை குடுக்கும். முழுங்குனா அந்த மாசம் வராது. லீவும் கேக்க வேணாம்."

கேட்டீர்களா? வலியைத் தீர்க்கவா மாத்திரை? விலக்கைத் தள்ளிப்போட மாத்திரை! மெஷின் நிற்கக் கூடாது. பெண்ணின் உடம்பு நின்றால் பரவாயில்லையா?

என்னங்க மளிகைக்கடை அண்ணா? "ஏனுங்க, இதையெல்லாம் மைக்குல பேசோணுமுங்களா?" என்கிறீர்களா? பேசோணுமுங்க! காதோடு காதாகப் பேசித்தானே அவள் மேல் பழி போட்டோம்?

கூடலூர் டாக்டரம்மா சோதித்தார். கர்ப்பமில்லை. பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டிய ரத்தச் சத்து ஏழு கிராம்தான். மாத்திரையை இனித் தொடவே கூடாது என்றார். இங்கே படிக்கும்போது பள்ளியில் சத்து மாத்திரை தந்தார்கள், நர்ஸம்மா வீடு தேடி வந்தார். ஊர் மாறியவளை யார் தேடுவார்? அங்கே கேட்டால் வெளியூர்க்காரி, இங்கே கேட்டால் ஊரில் இல்லை! அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர் என்று கேட்டே இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த நம் கூட்டத்துக்கு இந்தப் பதில் புதிதா?

"அனுப்பாட்டி என்னக்கா பண்றது? இங்க வாரத்துல மூணு நாளுதான் வேலை" என்கிறார் அவள் அப்பா பரமசிவன். உண்மை! போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் விலக்கு நாளில் லீவு உண்டு, டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை கிடையாது, ராஜகுமாரி உடம்பு தேறும் வரை வீட்டிலிருந்தாலும் அவள் வேலை அவளுக்கே என்று மில்லின் ஏஜென்ட் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். போட மறுத்தால்? ஆறரை மணிக்கு வேனுக்கு முன்னால் உட்காருவேன். நான் ஒருத்தி உட்கார்ந்தால் ஓரமாகத் தூக்கி வைப்பார்கள். அறுபது பேர் உட்கார்ந்தால்?

யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்!

அதோ, முதல் கை. ராஜகுமாரி! தாய்மார்களே, அந்தக் கை ஒற்றைக் கையாக நிற்கலாமா?

செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. என் வணக்கத்தை நாளை வேனுக்கு முன்னால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்!