நுன்சியாவின் நீலத் தட்டு

ஹலோ... அக்கா, நான்தான் கினுகோ... ம், தாரந்தோவிலேர்ந்துதான், வேற எங்கேர்ந்து பேசுவேன்? முதல்ல உன்னைத் திட்டணும்... ஆமா, உன்னைத்தான். நீ சொன்ன தீப்பெட்டி யோசனையால என் மானமே போச்சு.

...அதேதான். எதிர்வீட்டு நுன்சியாவோட நீலத் தட்டு... இல்லை, இன்னும் ஓயலை. ஓஞ்சிருந்தா உனக்கு ஏன் போன் பண்றேன்?

...நானா? சரி, நான்தான் ஆரம்பிச்சேன். புது வீட்டுக்குக் குடிவந்தா அக்கம்பக்கத்துக்கு ஒரு கைத்துண்டு கொடுத்துக் கும்பிடு போடறது நம்ம ஜப்பான் வழக்கம்தானே?... நீ கொடுத்திருக்க மாட்டே, தெரியும். கனசாவாவில உட்கார்ந்துகிட்டு பக்கத்து வீட்டுக்காரி பேர்கூட உனக்குத் தெரியாது. எனக்கு இத்தாலிக்கு வந்தப்புறம்தான் இதெல்லாம் பண்ணவே ஆசை வந்தது.

...அட, முழுசாக் கேளு. துண்டுக்குப் பதிலா அவ ஒரு தட்டுக் கத்தரிக்காய் கொடுத்தா. தட்டை வெறுமையாத் திருப்பலாமா? சிவப்புப் பயறு உருண்டை பண்ணி வெச்சேன். அவங்க ஊர்லயும் வெறுந்தட்டு திருப்பக் கூடாதாம்! அன்னிலேர்ந்து ரெண்டு வருஷமா அந்தத் தட்டு காலியாவே இருந்ததில்லை.

...சிரி, சிரி. என் புருஷன் நொபுயுகியோட தொப்பையைப் பார்த்தா சிரிக்க மாட்டே. பெல்ட்ல புதுசா ஓட்டை போட்டாச்சு.

...வெச்சேனே. அம்மா பண்ற மாதிரியே, தட்டுல சாப்பாட்டுக்குப் பதிலா பேருக்கு ஒரே ஒரு தீப்பெட்டி, அழகாக் காகிதத்துல மடிச்சு. அதோட நின்னுடும்னு நீதானே சொன்னே? அரை மணி ஆகலை, கதவைத் தட்டறா. பின்னாடி அவ பையன் வீத்தோ, கையில ஸ்பேனர்.

...எதுக்கா? எங்க அடுப்பு எரியலையாம். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு தீப்பெட்டியை வெச்சிருக்காளாம் பாவம் பொண்ணு... பத்த வெச்சே காட்டினேன் அக்கா. 'பாத்தியா, வீத்தோ வந்ததும் சரியாயிடுச்சு'ங்கறா. அவன் இன்னும் உள்ளயே வரலை... கேளு, கேளு, அதுக்குள்ள கட்டடம் முழுக்கச் சொல்லிட்டா. இப்ப மூணாவது மாடித் தட்டு, அஞ்சாவது மாடித் தட்டு எல்லாம் என் சமையலறையில இருக்கு.

...அதான் பிரச்சினையே. வெள்ளிக்கிழமை கிளம்பறோம்... ஆமா, அவரைத் திரும்ப ஜப்பானுக்கே, செண்டாய்க்கு மாத்திட்டாங்க... இல்லை, நுன்சியாகிட்ட இன்னும் சொல்லலை. எப்படிச் சொல்றது? ஆனா கடைசித் தட்டு என் கையாலதான் போகணும், கடன் வெச்சுட்டு ஓடினவள்னு பேர் வரக் கூடாது. அதனால காலைல பயறு போட்ட சிவப்புச் சோறு பண்ணி, அவ வாசல்ல வெச்சு, மணியை அடிச்சுட்டு ஓடி வந்துட்டேன்... ஆமா, இந்த வயசுலதான்.

...இல்லை, அழலை. சளி... சரி, அழறேன், போதுமா? அவ இல்லேன்னா முதல் வருஷமே எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும். செண்டாய்ல யாருக்குப் பண்ணிக் கொடுப்பேன்? அங்க எவ கதவைத் திறப்பா?

...இரு. மணி அடிக்குது... அவதான். கதவு ஓட்டை வழியாப் பார்க்கறேன். கையில தட்டு, மேல துணி... திறக்க மாட்டேன். நான் வீட்ல இல்லை... மெதுவாத்தானே பேசறேன்... அடக் கடவுளே, நான் போன் பேசறது வெளில கேக்குதாம்.

வைக்காதே அக்கா... வாங்க, வாங்க நுன்சியா... அக்காகூடப் பேசிட்டிருந்தேன், ஜப்பான்ல... அக்கா, உனக்கு முத்தம் சொல்லச் சொல்றா... உள்ள வாங்களேன்... என்னது?... யார் சொன்னா?... வீட்டு ஓனரா... இல்லை, இல்லை, நானே வந்து சொல்லணும்னுதான்... மன்னிச்சுக்கங்க. தப்புதான்... ஐயோ, நீங்க ஏன் அழறீங்க... சரி, கொடுங்க... இப்பவே துணியை எடுக்கணுமா?

...

அக்கா... இருக்கேன். அவ போயிட்டா. தட்டைக் கையில திணிச்சுட்டுப் படார்னு தன் வீட்டுக் கதவைச் சாத்திட்டா... இல்லை, அவ எப்பவும் கொண்டு வர்ற சிப்பிச் சோறும் இல்லை, ரொட்டியும் இல்லை. ஒண்ணுமே இல்லை அக்கா. கழுவித் துடைச்ச வெறுந்தட்டு.

...கோவமெல்லாம் இல்லை. 'இதை எப்படித் திருப்பிக் கொடுக்கணும்னு உனக்கு நல்லாத் தெரியும். ஈஸ்டருக்குக் கொண்டு வா'ன்னுட்டுப் போறா.

...தபால்லயா? தபால்ல போன பயறு உருண்டையை யார் தின்பா? உனக்கு ஒரு மண்ணும் புரியாது... ஆமா, நேர்லதான். நானேதான் கொண்டு வரணும்... சரி, சரி, அப்புறம் பேசறேன். தட்டைச் சுத்தறதுக்கு ஒரு துண்டு தேடணும். வைக்கறேன்.