மாப்போன் கல்லடியில் ஒரு பேரம்

யோவ் ஏர்க்கு, அந்தக் கயித்த அவுக்காத. கடல் தண்ணி இன்னும் மாப்போன் கல்லத் தொடல. தொட்டாத்தான் உன் படகு மிதக்கும், எனக்குத் தெரியாதா? எத்தனை வருசமா இதே கரையில உனக்குத் தோல் விக்கிறேன். அதுவரைக்கும் உக்காரு. கத்த மாட்டேன். கத்துறதுன்னா நீ கரையேறுனப்பவே ஊரக் கூட்டியிருப்பேன்.

தோல் பேரம் இல்லய்யா. இது வேற.

கடலுக்கு இந்தப் பக்கம் எங்க சாமிதான் மாப்போன். உங்க அயர்லாந்துல ஆங்குசுன்னுவீங்க. வாலிபம் மாறாதவன், தலையச் சுத்திக் குருவி பறக்கும்னு தேன்கள்ளு உள்ள போனா நீதான அளப்ப. என்னைக் கேட்டா ரெண்டும் ஒரே பையன்தான். எங்களவன் பொறந்த மூணாம் ராத்திரியே ஆத்தா பக்கத்துலேருந்து களவு போனவன். உங்களவன் எவன் வீட்லயோ வளந்தான். வெளையாடுற எடத்துல ஒருத்தன், அப்பன் ஆத்தா பேரு தெரியாத பயலேன்னு ஏசுனதும் அழுதுக்கிட்டே ஓடுனான். நீ சொன்ன கதைதான். அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன். இப்ப அந்த ஒரு எடந்தான் என்னைத் தின்னுது.

நான் பெத்த லோவர்னும் சின்னப் பய. ரெண்டு குளிர்காலம் போனா என் மூஞ்சி மறந்துடும்ல?

எந்த லோவர்னுன்னா கேக்குற? சரிதான். அறுப்பு நேரத்துல நாங்கல்லாம் வயக்காட்டுல இருந்தப்ப, கடல்ல வந்தவனுங்க புள்ளைங்கள அள்ளிட்டுப் போனானுங்களே, நீ அந்தப் பக்கமே வரலங்கற. அப்ப உன் கத்தி தொங்குற வாரக் கழட்டு. அட கழட்டுய்யா. நுனியப் பாரு. பல்லுத்தடம். நான் எத்தனை அடிச்சும் வாரக் கடிக்கிறத விடல அந்தப் பய. அவன் இடுப்புக்கு நான் வெட்டுன வாரு.

மூஞ்சியத் திருப்பாத. அடிக்க வரல. உன் படகத் தச்ச மாட்டுத்தோலு நான் பதம் போட்டது. பொட்டுத் தண்ணி உள்ள வராதுன்னு சொல்லிச் சொல்லியே வெலைய ஏத்துனேன். நனையாமப் போயிருப்பான், அது மட்டும் நிச்சயம்.

எங்கள ஆளுற ரோம் படைக்காரங்ககிட்ட போகாம இருப்பேனா? ஒரு பொடியனுக்குக் கப்பல் விடணுமான்னு கோட்டை வாசல்லயே சிரிச்சானுங்க. காறித் துப்பிட்டு வந்தேன்.

மாப்போனத் தேடிப் போனவங்க கருங்குருவியக் கேட்டாங்க, மானக் கேட்டாங்க, ஆந்தை, கழுகு, ஒண்ணுக்கும் தெரியல. கடைசியில ஒரு மீனுக்குத்தான் தெரிஞ்சுது. கடல் ஏறுறப்பல்லாம் அதுதான அவன அடைச்ச எடத்துப் பக்கம் போயிட்டு வருது? நீதான்யா என் மீனு.

அவன மீட்டுக் குடு. என் தோல் ஊறுற தொட்டி, கொட்டாய், ஆட்டு மந்தை அத்தனையும் எடுத்துக்க.

அவன வாங்குன எடம் பெரிய எடமா? திருப்பி விக்க மாட்டானா? தோள்ல கை வைக்காத, ஆறுதல் வேணாம். நீ அப்படித்தான் சொல்லுவன்னு தெரிஞ்சுதான் வந்தேன். சரி, விக்க மாட்டான். என்னை வாங்குவான்ல?

நல்லாத் தோல் பதம் போடுவா, பல்லு கெட்டியா இருக்குன்னு சொல்லு. கோவக்காரின்னு மட்டும் சொல்லிடாத. அந்த வீட்டுக்கே வித்துடு. வேற எவன் கூடக் குடுத்தாலும் கை நீட்டாத. வர்றது முழுக்க உனக்கு.

தண்ணி வந்துடுச்சு பாரு. இந்தா கை. நல்லா இறுக்கிக் கட்டுய்யா. தானா வந்தவள்னு தெரிஞ்சா வெலையக் கொறச்சுடுவானுங்க.