கொடி கட்டியிருந்தது

ஒஸ்லோ, 27.03.2025, வியாழக்கிழமை, முற்பகல் 10.20 மணி.

எனது பெயர் சந்தியாப்பிள்ளை சவிரிமுத்து. வயது 58. பிறந்த இடம் மன்னார், பேசாலை. 1989ஆம் ஆண்டிலிருந்து நோர்வேயில் வசிக்கிறேன். தற்போதைய முகவரி குரோருட், ஒஸ்லோ. தொழில் பஸ் சாரதி. பெப்ரவரி இறுதியிலிருந்து சுகவீன விடுப்பில் இருக்கிறேன். பேச மறுக்க எனக்கு உரிமை உண்டு என்றும், தெரிந்துகொண்டே பொய் சொன்னால் அது குற்றம் என்றும் பதிவுசெய்யும் அதிகாரி ஹன்னா முதலில் அறிவித்தார். விளங்கிக்கொண்டேன். எனக்கு நோர்வேஜிய மொழி தெரியும். ஆனாலும் இதைத் தமிழில் சொல்ல விரும்பியதால் திருமதி கிரிஜா மொழிபெயர்க்கிறார். என்னை யாரும் இங்கே அழைக்கவில்லை. 09.02.2025 அன்று நான் வேறொரு நாட்டுப் பொலிசாரிடம் கொடுத்த வாக்குமூலம் பொய். அதைத் திருத்துவதற்கு நானாக வந்தேன்.

இறந்தவர் என் தங்கை இமெல்டாவின் கணவர் மரியநாயகம், வயது 56. அவர்களின் மகள் றொஷானிக்கும், சென்னையிலிருந்து வந்து ஒஸ்லோவில் கணினி வேலை செய்யும் அஷ்வினுக்கும் திருமணம் என்று முடிவானபோது, தேவாலயத்திலா கோவிலிலா என்ற கதை ஆறு மாதம் ஓயவில்லை. அதன் பின்னர் றொஷானியே இரண்டும் வேண்டாம், கடற்கரையில் செய்வோம் என்று சொல்லி, டொமினிக்கன் குடியரசில் ஒரு விடுதியைத் தெரிவுசெய்தார். விடுதியின் பெயர் கோப்பில் உள்ளது. இரண்டு பக்கத்திலுமாக நாற்பத்தொரு பேர் 05.02.2025 அன்று போய்ச் சேர்ந்தோம்.

எல்லோருக்கும் மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டினார்கள். அதைக் காட்டினால் சாப்பாடும் குடிவகையும் கிடைக்கும். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. முப்பது வருடம் நிமிடம் பார்த்து வேலை செய்த எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. காலை எட்டு மணிக்கே நீச்சல் தடாகத்தில் பாட்டுத் தொடங்கிவிடும். நானும் மரியநாயகமும் வரவேற்பறைக்கும் கடற்கரைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தோம். மகளின் கலியாணத்தில் தன்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்று அவர் இரண்டு தடவை சொன்னார். கதிரைகளை அடுக்கப் போனவரை, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று விடுதிக்காரர் தடுத்துவிட்டனர்.

08.02.2025 சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு மணலில் திருமணம் நடந்தது. காற்று பலமாக இருந்தது. தாலி கட்டும் நேரம் றொஷானியின் சேலைத் தலைப்புப் பறந்து அஷ்வினின் முகத்தை மூடியது, எல்லோரும் சிரித்தோம். அதன் பின்னர் மோதிரம் மாற்றினார்கள். மரியநாயகம் சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் பிடித்தபடி முன்வரிசையில் கடைசிவரை நின்றார்.

மறுநாள் ஞாயிறு காலை ஒன்பதரை மணியளவில் நாங்கள் இருவரும் கடற்கரைக்குப் போனோம். மற்றவர்கள் எழும்பவில்லை. அவர், "மச்சான், நாலு நாளாக் கடலைப் பாத்துக்கொண்டு திரியிறம். ஒருக்கால் இறங்குவமே?" என்றார். உயிர்காப்பாளரின் மேடைக்குப் பக்கத்தில் இரண்டு சிவப்புக் கொடிகள் கட்டியிருந்தன. இதை நான் தெளிவாகச் சொல்கிறேன்: கொடி கட்டியிருந்தது. நாங்கள் கிட்டப் போனதும் மேடையில் இருந்த உயிர்காப்பாளர், நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், விசிலை ஊதி, கொடியைக் காட்டி, இரண்டு கைகளையும் குறுக்காகப் பிடித்துக் காட்டினார். ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார். சொல் விளங்கவில்லை, விஷயம் விளங்கியது.

மரியநாயகம் நின்றுவிட்டார். அவர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் வளர்ந்து, ஒஸ்லோவில் தடாகத்தில் நீந்தப் பழகியவர். "வேண்டாம் போல கிடக்கு, மச்சான்" என்றார். அதற்கு நான், "உது உல்லாசப் பயணியளுக்குக் கட்டினது. நான் கடற்கரையிலை பிறந்தனான். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வா" என்றேன். உண்மையில் கடலுக்குப் போனவர் என் தகப்பனார். நான் கரையில் நின்று வலை இழுத்தவன் மட்டுமே. இருபத்திரண்டு வயதில் ஊரை விட்ட பிறகு கடலில் இறங்கியதே இல்லை.

அதன் பின்னர் உயிர்காப்பாளரின் கண்ணில் படாமல் இருப்பதற்காக, கற்கள் குவிந்த இடத்தைத் தாண்டி மறுபக்கம் நடந்தோம். அந்த வழியைக் காட்டியதும் நான்தான். இடுப்பளவு தண்ணீர் வரை போனோம். அவர் சிரித்தார். இரண்டாவது அலைக்குப் பிறகு இழுப்புத் தொடங்கியது. இந்த இடத்தில் திருமதி கிரிஜா, "இழுப்புன்னா, மூச்சுத் திணறலா சார்?" என்று கேட்டார். "இல்லை அம்மா, தண்ணி காலுக்குக் கீழாலை வெளியிலை இழுக்கிறது" என்று சொன்னேன். கால் நிலத்தில் படவில்லை. மரியநாயகம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவருடைய கை எந்த நேரத்தில் விடுபட்டது என்று அதிகாரி கேட்கிறார். அவர் விட்டாரா நான் விட்டேனா என்று எனக்குத் தெரியாது. பிறகு பார்த்தபோது நான் இரண்டு கைகளாலும் நீந்திக்கொண்டிருந்தேன்.

எங்களைக் காணவில்லை என்று அந்த உயிர்காப்பாளர் கற்களைத் தாண்டித் தேடி வந்திருக்க வேண்டும். அவர் ஒரு மிதவையுடன் கடலில் பாய்ந்து என்னைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தார். என்னை மணலில் விட்ட கையோடு மீண்டும் கடலுக்குள் போனார். மரியநாயகத்தைக் கொண்டுவர ஏறத்தாழ இருபது நிமிடம் சென்றது. அதன் பின்னர் அவருடைய நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். அம்புலன்ஸ்காரர் வந்து போதும் என்று சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை. அவர்கள் தோளைப் பிடித்து விலக்கினார்கள்.

பிற்பகல் ஒரு மணியளவில் என் தங்கையின் அறைக்குப் போனேன். முதல்நாள் கலியாண மாலைகள் குளியலறைத் தொட்டியில் தண்ணீரில் போடப்பட்டிருந்தன. அவர், "அண்ணை, கொடி ஒண்டும் கட்டேல்லையோ? ஒருத்தரும் மறிக்கேல்லையோ?" என்று கேட்டார். நான், "இல்லை" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு சொல் வரவில்லை. அரை மணித்தியாலத்தில் பொலிசார் வந்தார்கள். தங்கை பக்கத்திலேயே இருந்தார். அதே பதிலைச் சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

உடலை ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். அதன் பின்னர் வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள், ஆட்கள் கைகாட்டி நின்ற இரண்டு தரிப்பிடங்களில் நிற்காமல் ஓட்டிச் சென்றதால் நானே பஸ்சை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டிலும் இருக்க முடியவில்லை. சுரங்க ரயிலில் ஏறி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்த் திரும்பி வருவேன். ஆசனம் காலியாக இருந்தாலும் கதவோடு நின்றுகொள்வேன்.

23.03.2025 ஞாயிறு பிற்பகல் அஷ்வின் என் வீட்டுக்கு வந்தார். டொமினிக்கன் குடியரசிலுள்ள வழக்கறிஞரிடமிருந்து வந்த கடிதத்தைக் காட்டினார். உயிர்காப்பாளரின் பெயர் மர்செலீனா என்றும், எச்சரிக்கை செய்யத் தவறியதால் மரணம் ஏற்பட்டதாக அவர்மீது வழக்கு வைக்கப்பட்டுள்ளது என்றும், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டுள்ளார் என்றும், என் வாக்குமூலமே முக்கிய சாட்சி என்றும் அதில் இருந்தது. அஷ்வின், "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்குக் காலைல பால்கனிலேர்ந்து பார்த்தேன், செகப்பா ஏதோ பறந்த மாதிரி இருந்துது. கண்ணாடி போடல, அதான் சந்தேகம்" என்றார். நான், "நீர் வடிவாப் பாக்கேல்லை, தம்பி. நித்திரைக் கண்" என்றேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். தான் கண்டதைத் தானே நம்பாமல் அவர் படியிறங்கிப் போனது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இன்று காலை ஏழு மணிக்கு ஹவுகெட்டோவிலுள்ள தங்கையின் வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போக ஆயத்தமாக நின்றார். சப்பாத்தையும் கழற்றாமல் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் தங்கை, "அவர் வேண்டாம் எண்டு சொன்னவரோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் தன் மேல்சட்டையைப் போட்டு, கதவைப் பூட்டி, எனக்கு முன்னால் நடந்தார். ரயிலில் இரண்டு ஆசனம் தள்ளி இருந்தார்.

இப்போது அவர் இந்தக் கட்டடத்தின் வெளிவாசலில் நிற்கிறார். உள்ளே வந்து இருக்கும்படி அதிகாரி ஆளனுப்பினார். அவர் மறுத்துவிட்டார். எனக்குத் துணையாக வந்தாரா, நான் இடையில் திரும்பிப் போய்விடாமல் பார்க்க வந்தாரா என்று எனக்குத் தெரியாது. வெளியே போனதும் தெரியும்.

மேலே எழுதியவை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. "கை விடுபட்டது" என்று இருந்த இடத்தைக் குறைக்கவோ கூட்டவோ விரும்புகிறேனா என்று கேட்கப்பட்டது. வேண்டாம் என்றேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொன்னது இதுவே. இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) ச. சவிரிமுத்து