அப்புசாமி காருக்குக் கேட்ட பூ

எங்கள் வீட்டு அரளிச் செடிகளுக்கு நான் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை, மணியக்காரரே, அவைபாட்டுக்குப் பூக்கின்றன. ஒன்று செவ்வரளி, ஒன்று வெள்ளரளி. மல்லசமுத்திரத்தில் யார் மாரியம்மனிடம் பூக்கேட்டாலும் பொட்டலம் கட்டிக் கொடுப்பவள் இந்த மாரக்காள்தான். ஒரு பொட்டலத்தில் சிவப்பு, மற்றதில் வெள்ளை. பூசாரி குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பான். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. உங்கள் மகள் கல்யாணத்துக்குக் கட்டிக் கொடுத்ததும் நான்தான். அதில் ஒரு சூதும் இல்லை, பயப்பட வேண்டாம்.

அடுத்த வீட்டு அப்புசாமி கார் செய்ய ஆரம்பித்தது போன தை மாதம். கலெக்டர் துரையின் காரைத் தவிர வேறு காரை இந்த ஊர் பார்த்ததில்லை. பட்டணத்திலிருந்து ஏழு மரப்பெட்டிகளில் இன்ஜினும் சக்கரமும் சட்டமும் தனித்தனியாக வந்தன, கூடவே படம் போட்ட ஓர் இங்கிலீஷ் புத்தகமும். மனுஷன் தறியைப் பிரித்துப் பரணில் ஏற்றிவிட்டு, தறிக்குழிக்கு மேலேயே காரைப் பூட்டினார். குழியில் இறங்கி நின்றுகொண்டு அடிப்பக்கம் திருகலாம் அல்லவா. மூளைதான். வெளியே கொண்டுவரத் தெருச்சுவரை இடித்து வழியும் விட்டார். இதையெல்லாம் நான் சுவர் ஓட்டை வழியாகப் பார்த்ததாகச் சொல்வார்கள். ஓட்டை முன்பே இருந்தது. நான் கொஞ்சம் அகலப்படுத்தினேன், அவ்வளவுதான்.

ஆவணியில் கார் உறுமியது. அன்றைக்கே அவர் பெண்சாதி உண்ணாமலை என் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, இனிமே சேலத்துச் சேதிக்கு நீங்க மாட்டுவண்டியில குலுங்கிட்டுப் போக வேண்டாமுங்க. நான் காலையில காருல போயிட்டுப் பொழுதுக்குள்ள வந்து ஊருக்கே சொல்லிப்போடறேன்."

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நானும் நல்ல எண்ணத்தில்தான் கேட்டுக்கொண்டேன். இருபத்தாறு வருஷமாக இந்த ஊருக்குச் சேலத்துச் சேதி என் வாயால்தான் வந்திருக்கிறது.

மறுநாள் அப்புசாமி வெள்ளோட்டத்துக்குப் பூக்கேட்டார். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்தேன். ஆள் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்.

எதில் குறை என்று அவர் யோசித்தார். காரைக் கிழக்கே பார்க்கத் திருப்பி வைத்துக் கேட்டார். சிவப்பு. இன்ஜினைக் கழற்றி, நல்ல நாளில் மறுபடி பூட்டிக் கேட்டார். சிவப்பு. பச்சை வர்ணத்தைச் சுரண்டிவிட்டு மஞ்சள் பூசினார். அம்மனுக்கு மஞ்சள் உகந்தது என்று யோசனை சொன்னது நான். அதற்கும் சிவப்பு. வெறுத்துப்போய், "வித்துப்போடட்டுமா?" என்று கேட்டார். அதற்கும் அதேதான். ஓட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல், தினமும் அதில் ஏறி உட்கார்ந்து ஹார்னை மட்டும் அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போவார். ஹார்னுக்குப் பூக்கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

ஆறாவது தடவைதான் விஷயம் கொஞ்சம் தூரம் போய்விட்டது.

"இவ சாதகந்தான் காருக்கு ஆகலையோ என்னமோ. ஊட்டுல இருக்கலாமான்னு கேட்டுப்போடறேன், அம்மிணி" என்றார்.

கட்டும்போது என் கை வெள்ளரளிப் பக்கம் போனது உண்மை. ஆனால் ஐந்து தடவை ஒரு மாதிரி கட்டிவிட்டு, ஆறாவது தடவை மாற்றிக் கட்டினால் அது மோசடி இல்லையா?

உண்ணாமலை வாழப்பாடிக்கு, பிறந்த வீட்டுக்குப் போனாள். வண்டி ஏறும்போது புருஷனிடம், "என்னயும் காரையும் போட்டிக்கு நிறுத்திப் பாத்தீங்க, காரு செயிச்சுப்போச்சு. இனி அதையே சோறாக்கிப் போடச் சொல்லுங்க" என்றாள். ஓட்டை வழியாகத் தெளிவாகவே கேட்டது.

நேற்று, அவளைத் திரும்பக் கூட்டிவரலாமா என்று பூக்கேட்டார். ஆள் பாதியாகியிருந்தார். சிவப்பு வந்ததும் அம்மன் முன்னாலேயே உட்கார்ந்து விசும்பினார். பூசாரி கைலாசத்துக்கு மனசு கேட்கவில்லை. "அழுகாத சாமி, வெள்ளையும் இங்கதான இருக்குது, அடுத்த மாசம் வரும்" என்று தேற்றிக்கொண்டே மற்ற பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினான்.

அதனால்தான் நான் இப்போது உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ஆமாம், ஏழு தடவையும் இரண்டிலும் சிவப்பு வைத்தவள் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: நான் பொட்டலம்தான் கட்டினேன். உள்ளே இருக்கும் சிவப்பை வெள்ளையாக்க மாரியாத்தாளுக்கு எத்தனை நேரம் ஆகும்? ஏழு தடவை சந்தர்ப்பம் கொடுத்தேன். உண்ணாமலை சேலத்துக்குப் போய்வருவது அந்த ஆத்தாளுக்கும் பிடிக்கவில்லை.