ஒரு கணிப்பொறி, ஒரு பலகை, நான்கு பிள்ளைகள்

பணி நிறைவு பெறும் கணிதப் பேராசிரியர் தைலம்மாள் அவர்களுக்கு, உடன் பணியாற்றிய நாங்கள் உவந்தளிக்கும் மடல்

கேள்வியை எளிதாக்கிய பின்னும் விடை ஏன் விரைந்து வரவில்லை என்று விடாது வினவிய வித்தகரே! நைனார்பாளையத்து உழவர் குடியில் பிறந்து, கள்ளக்குறிச்சிக்குக் கணிப்பொறியைக் கொணர்ந்த கணித மேதையே! வணக்கம்.

இவ்வவையில் பலர் தாங்கள் பெற்ற விருதை அறிவர். அது எதற்காக என்று அறிந்தவர் சிலரே. அதை விளங்கச் சொல்வதே தங்களுக்கு நாங்கள் செய்யும் சிறப்பு.

தாங்கள் கணிப்பொறிக்கு எழுதிய பின்னக் கணக்கு நிரல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்தை ஓதுவதன்று. திரையில் ஒரு கணக்கைக் காட்டும். பிள்ளை என்ன விடை தருகிறது, எவ்வளவு நேரத்தில் தருகிறது என்று கவனிக்கும். விரைந்து சரியாகச் சொன்னால், இப்பிள்ளைக்கு இது தெரியும் என்று தனக்குள் குறித்து அடுத்த படிக்கு ஏற்றும். தயங்கினால் ஒரு படி இறக்கி எளிய கணக்கைத் தரும். நல்லாசிரியர் முகம் பார்த்துச் செய்வதை, முகம் காணாத பொறி நேரம் பார்த்துச் செய்தது.

சமவெளிப் பள்ளிகளில் செம்மையாக நடந்த நிரல், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பள்ளிக்கு ஏறியதும் தடுமாறியது. ஓட்டுநர் நாராயணசாமி வாரந்தோறும் இறக்கிவந்த பதிவு வட்டுகளில் விடைகள் சரியாகவே இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தாமதம். பொறி எளிய கணக்குக்கு இறக்கியது, தாமதம் குறையவில்லை. மேலும் இறக்கியது, அப்போதும் குறையவில்லை. கணக்குக் கடினமென்றால், எளிதாக்கும்போது நேரம் குறைய வேண்டுமே! முடிவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், அரையும் அரையும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தது பொறி.

மலைப் பிள்ளைகளுக்கு இது ஏறாது, கல்வியாண்டு முடிந்ததும் பொறியை உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. வெள்ளிமலை என்று பெயர் வந்தாலே விடைக்குத் தரும் நேரத்தை இரட்டிப்பாக்கிவிடுங்கள் என்று நம் துறைக் கந்தசாமி ஒரு குறுக்கு வழி சொன்னார்.

“ஊர் பேரப் பாத்துப் புள்ளய எடை போடறதுக்குப் பொறி எதுக்குங்க? அத நாமளே செஞ்சிக்கினுதான கீறோம்!” என்றீர்கள். கந்தசாமி அன்று தேநீரையும் குடிக்காமல் எழுந்து போனார்; இன்று கைதட்டலைத் தொடங்கி வைக்கப்போகிறவரும் அவரே.

எண்பத்தேழாம் ஆண்டு செப்டம்பர் திங்களில், ஏன் தாமதம் என்று நேரில் காணத் தாங்கள் மலையேறினீர்கள். மறுநாளே, இட ஒதுக்கீடு கேட்டுக் கிளர்ந்தெழுந்த நம் மாவட்டத்தில் சாலைக்குச் சாலை புளியமரங்கள் சாய்ந்தன, பேருந்துகள் நின்றன, உயிர்களும் போயின.

“வண்டி கச்சிராயபாளையம் தாண்டாதும்மா. மரம் மரமா சாச்சிப் போட்டுக்கினு கீறாங்க” என்றார் நாராயணசாமி.

“அப்ப இன்னா, உக்காந்து பாப்போம்” என்று வகுப்பின் கடைசிப் பலகையில் அமர்ந்தீர்கள்.

சமவெளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு பொறி. இங்கோ ஒரே பலகையில் பாப்பாத்தி, இருசப்பன், பச்சமுத்து, அம்மாசி என நால்வர். கணக்குத் தோன்றியதும் பாப்பாத்தியின் விரல் விசைக்குப் போனது. இருசப்பன் தட்டிவிட்டான்.

“ஏய், கைய எடு! அம்மாசி இன்னும் சரின்னு சொல்லல.”

“அதுக்குள்ள சோறாக்கித் துன்னுட்டு வந்துடலாம்” என்றான் பச்சமுத்து.

“புரிஞ்சாத்தானடா சரின்னு சொல்ல முடியும்?” என்றான் அம்மாசி.

உடனே மூவரும் அரைப்படிச் சாமையைப் பாதியாகக் கொட்டுவது போல் கையால் அளந்து காட்டினார்கள். அம்மாசி தலையசைத்த பிறகே பாப்பாத்தி விசையை அமுக்கினாள்.

தெரிந்தவுடன் அமுக்கினால் என்ன என்று கேட்டீர்கள். “எங்கூர்ல எதுவா இருந்தாலும் எல்லாரும் குந்திப் பேசி, எல்லாரும் சரின்னாத்தான் முடிவு, டீச்சரம்மா. ஒருத்தன் ஒத்துக்கலன்னாலும் முடிவாகாது” என்றான் இருசப்பன்.

புதிர் அங்கே அவிழ்ந்தது. அந்த நேரம் ஒரு பிள்ளையின் தயக்கமன்று, நால்வரின் ஒப்புதல். அதனால்தான் எளிதாக்கியும் அது குறையவில்லை. ஒரு விசைப்பலகைக்கு முன் ஒரு பிள்ளைதான் இருக்கும் என்று பொறிக்குச் சொல்லியிருந்தோம். அது நால்வரையும் ஒரே பிள்ளையாக்கி, மந்தமான பிள்ளை என்றும் எழுதிக்கொண்டது. பாப்பாத்தியின் விரைவும் அதற்குத் தெரியவில்லை. அம்மாசியின் ஐயமும் தெரியவில்லை.

கீழே சாலையில், கல்வி, வேலை வாசல் எங்களுக்கும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை எரிந்துகொண்டிருந்தது. வாசல் திறந்தபின் உள்ளே வரும் ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிவது ஆசிரியர் கடன் என்பதை, மலைமேல் ஒரு பலகையில் அமர்ந்து பொறிக்குக் கற்பித்தீர்கள்.

நிரலைத் திருத்தினீர்கள். பொறி வெள்ளிமலையிலேயே நின்றது. ஈராண்டு கழித்துப் பெங்களூர்க் கருத்தரங்கம் இது குறித்த தங்கள் ஆய்வைச் சிறந்ததென விருதளித்துப் போற்றியது. எங்களுக்கோ வேறொரு பயனும் கிடைத்தது: துறைக் கூட்டத்துக்குப் பிந்தி வருவோரை முறைத்து வந்த தாங்கள், அதன்பின் “இன்னாச்சு?” என்று முதலில் கேட்கத் தொடங்கினீர்கள். அம்மாசி இவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறான். இதோ, முன்வரிசையில் நால்வரும் ஒரே பலகையில் அமர்ந்திருக்கிறார்கள்.

கண்ணொளி குன்றாமல், கால் வலி காணாமல், நினைத்தபோது மலையேறும் வலுவோடு தாங்கள் நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும்! இம்மடலைச் சட்டமிட்டு மாட்டும் சுவரைக் கடந்து செல்வோர் யாவரும் படிக்க, பொறிக்குத் தாங்கள் சொன்ன தீர்வை ஈற்றில் பொறித்து வணங்குகின்றோம்:

முதலில், யார் யார் அமர்ந்திருக்கிறீர்கள் என்று கேள். ஒவ்வொரு பெயருக்கும் தனிக் குறிப்பு வை. கூடிச் சொன்ன விடையைக் கூட்டத்தின் பெயரில் எழுது. பிறகு அதுபோன்ற ஒரு கணக்கை, ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேள். தாமதத்தை அறியாமை என்று எழுதாதே.

தங்கள் அன்பில் என்றும் திளைக்கும்
கணிதத் துறை ஆசிரியர்களும் அலுவலர்களும்
கள்ளக்குறிச்சி, மே 1990