அறிவிப்பாளர் குடித்திருக்கவில்லை

காலை ஐந்தரைக்கு எழுவேன். பால் காய்ச்சுவேன். இரண்டு டம்ளர் காபி போடுவேன். கை தவறி மூன்று போட்டால் ஒன்றைக் கொட்டிவிடுவேன். மாமனாரின் பல் செட்டைக் கிண்ணத்துத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கழுவி, அவர் தலைமாட்டில் வைப்பேன். மனைவி இருந்தவரை அது அவள் வேலை. அவள் போய் ஏழு மாதமாகிறது. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

போன செவ்வாய்க்கிழமை மட்டும் பல் செட்டை அங்கே வைக்கவில்லை.

பேருந்து நிலைய அறிவிப்பாளரான என் மாமனார் அன்று குடித்துவிட்டு மைக்கில் குழறினார் என்று உங்கள் விசாரணை அறிக்கை சொல்கிறது. அவர் வேலை போய்விடும் என்கிறார்கள். அவர் குடித்திருக்கவில்லை. வாயில் பல் இல்லை, அவ்வளவுதான். பல் என்னிடம் இருந்தது.

நான் ஒரு பாட்டுப் பெட்டி செய்துகொண்டிருந்தேன். எண்ணெய் டின்னை உருளையாக்கி, கைப்பிடி வைத்து, மேலே வரிசையாக ஆணி அறைந்திருந்தேன். சுற்றினால் ஆணிகள் எதிரே உள்ள ரம்பத் தகடுகளை நெம்பிவிடும். துணி காயப்போடும்போது அவள் முணுமுணுக்கும் மெட்டு வரவேண்டும். அவள் இருக்கும்போதே தொடங்கிய வேலை. ஆணி தகட்டைக் கீறியதால் பூனைச் சண்டைதான் வந்தது. சட்டைப் பொத்தான் வழுக்கியது. வளையல் துண்டு உடைந்தது. கெட்டியாகவும் வழவழப்பாகவும் வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

மெட்டில் மொத்தம் இருபத்தெட்டு சுரம். மேல் செட்டில் பதினான்கு பல், கீழ் செட்டில் பதினான்கு. நான் இயந்திரவியல் படித்தவன். கணக்கு இவ்வளவு சரியாக அமைந்தால் தயங்குவதில் பொருளில்லை.

ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தேன். மாமனார் வீடெல்லாம் தேடினார். நானும் கூடவே தேடினேன். சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்தது நான்தான்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்குமோ மாப்ள?"

"இருக்கும் மாமா."

அப்படியே வேலைக்குப் போனார். ஒரு கால்பந்து அணி மலையடிவாரத்திலும், ஒரு நீதிபதி கோழிப் பண்ணை வாசலிலும் போய் இறங்கியது உங்களுக்கே தெரியும்.

சாயங்காலம் பெட்டி தயாராகிவிட்டது. சுற்றினேன். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மாமனார் ஓடி வந்தார்.

"மாப்ள, இது நம்ம பாப்பா பாட்டுல்ல?"

"ஆமா மாமா."

தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சுத்துங்க" என்றார். சுற்றினேன். உருளைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"மாப்ள, இது என் பல்லுல்ல?"

"ஆமா மாமா."

அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. உங்களிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குடித்ததாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். அவரை வேலையில் விட்டுவிடுங்கள். புதுப் பல் செட்டுக்கு அளவு கொடுத்தாயிற்று.

என் தரப்பில் சொல்ல ஒன்றுதான் உண்டு. எதையும் நானாகச் செய்யவில்லை. பெட்டியை முடிக்கச் சொன்னது அவள். பல்லைப் பற்றிச் சொன்னதும் அவள்தான். மருத்துவமனையில், கடைசியாக. ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"முதல்ல அந்தப் பெட்டியை முடிச்சுக் கட்டுங்க. உங்ககிட்ட சொல்ல முடியாம அப்பா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காரு."